‘கடைசி விலை சொல்லுங்கள்’: இணையச் சந்தையில் பேரம் யார் கையில்?

புதுதில்லி: தலைநகரின் கடைவீதிகளில் இரண்டு வகைக் கடைகள் உண்டு. ‘ஏக் தாம்’ என்று பலகை மாட்டியவை ஒன்று, மாட்டாதவை மற்றொன்று. ‘ஒரே விலை’ என்பது அந்தப் பலகையின் பொருள். சரோஜினி நகரிலும் பாலிகா பஜாரிலும் வாங்கிப் பழகியவர்கள் அந்தப் பலகையையும் முழுமையாக நம்புவதில்லை. சொன்ன விலையில் பாதியிலிருந்து தொடங்குவது, படியாவிட்டால் இரண்டடி விலகி நடப்பது, பின்னாலிருந்து கடைக்காரர் கூப்பிடும்வரை திரும்பிப் பார்க்காமல் இருப்பது ஆகியவை தில்லிக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களும் சில மாதங்களில் கற்றுக்கொள்ளும் பாடங்கள். காலையில் முதல் வாடிக்கையாளராகச் சென்றால் விலை சற்று இறங்கும். நாம் ‘போணி’ என்பதை இங்கே ‘போஹ்னி’ என்கின்றனர். நம்பிக்கை ஒன்றுதான்.

இணையவழி வணிகம் பரவியபோது இந்தப் பழக்கத்துக்கு முடிவு வந்துவிடும் என்று பலரும் கருதினர். திரையில் விலை அச்சிட்டதுபோல் நிற்கிறது; பேசுவதற்கு எதிரே ஆளில்லை. ஆனால் பேரம் ஒழிந்துவிடவில்லை. யாருடன் யார் பேரம் பேச முடியும் என்பதே மாறியிருக்கிறது. சில இணையச் சந்தைகளில் வாங்குபவரும் விற்பவரும் இன்னமும் நேருக்கு நேர் மோதுகின்றனர். பெரிய சந்தைகளிலோ இருவரையும் விலக்கிவிட்டு நடுவில் இருக்கும் நிறுவனமே விலையை நிர்ணயிக்கிறது என்பது வணிகர்களின் புகார். அரசு நடத்தும் சந்தையில் விற்பவர் மட்டும் இறங்கிவர வேண்டும்.

ஏலத்தில் தொடங்கிய கதை

இந்தியாவில் இதன் தொடக்கம் 2000-ஆம் ஆண்டு. அப்போது தொடங்கப்பட்ட பாசி டாட் காம் ஏல முறையில் பொருள்களை விற்றது. 2004-இல் அமெரிக்காவின் ஈபே நிறுவனம் சுமார் 5 கோடி டாலருக்கு அதை வாங்கியது. ஈபேயின் இந்தியப் பிரிவு 2017-இல் ஃபிளிப்கார்ட்டிடம் சென்று, 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஏலமும் பேரமும் ஒன்றல்ல என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஏலத்தில் வாங்குபவர்கள் தங்களுக்குள் போட்டியிடுகின்றனர். விற்பவர் வேடிக்கை பார்க்கிறார். பேரத்தில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து, மற்றவரின் அவசரத்தை அளந்து பார்க்கின்றனர். நம் நாட்டினர் பழகியது இரண்டாவது வகை.

அந்த இடத்தை நிரப்பியவை பழைய பொருள் விற்பனைத் தளங்கள். 2006-இல் வெளிநாட்டில் தோன்றிய ஓஎல்எக்ஸ், 2008-இல் இந்தியாவில் தொடங்கிய குவிக்கர் ஆகியவை, வீட்டில் கிடக்கும் கட்டிலையும் மிதிவண்டியையும் முன்பின் தெரியாதவருக்கு விற்கும் வழக்கத்தை நடுத்தரக் குடும்பங்களுக்குள் கொண்டுவந்தன. 2017-இல் ஃபேஸ்புக்கும் தனது சந்தைப் பகுதியை இந்தியாவில் திறந்தது.

இந்தத் தளங்களில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். ‘இருக்கிறதா?’ என்பது முதல் கேள்வி. ‘கடைசி விலை?’ என்பது இரண்டாவது. பொருளின் வயது, பழுது, ரசீது ஆகியவை பிறகுதான். 12 ஆயிரம் ரூபாய் என்று போட்ட குளிர்சாதனப் பெட்டியை 6 ஆயிரத்துக்குக் கேட்பார்கள். அப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்தே விற்பவரும் 9 ஆயிரத்துக்குப் போக வேண்டியதை 12 ஆயிரம் என்று போட்டிருப்பார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரு தரப்பும் அறிந்த ஆட்டம் அது. நேரில் வந்து பார்த்தபின் கம்பிரசர் ஓசையைக் காரணம் காட்டி மேலும் 500 ரூபாய் குறைப்பது ஆட்டத்தின் கடைசிச் சுற்று.

பேரம் பேசாதவரே ஐயத்துக்குரியவர்

இந்த ஆட்டத்தின் மதிப்பை உணர்த்தியவர்கள் மோசடிக்காரர்கள். பழைய சோபாவையோ அலமாரியையோ விற்க விளம்பரம் செய்த சில நிமிடங்களில் ஒருவர் அழைப்பார். கேட்ட விலைக்கு உடனே சம்மதிப்பார். பொருளைப் பார்க்க வேண்டும் என்றுகூடச் சொல்லமாட்டார். ராணுவத்திலோ துணை ராணுவப் படையிலோ பணியாற்றுவதாகக் கூறி அடையாள அட்டையின் படத்தை அனுப்புவார். பணம் பெறுவதற்கு என்று சொல்லி ஒரு ‘கியூஆர்’ குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடச் சொல்வார். எண்ணை இட்டவுடன் பணம் வருவதற்குப் பதிலாகப் போய்விடும். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை என்பது பலருக்குப் பணம் போன பிறகுதான் தெரிகிறது.

2021 பிப்ரவரியில் அப்போதைய தில்லி முதல்வரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே பழைய சோபாவை விற்கப்போய் இவ்வாறு 34 ஆயிரம் ரூபாயை இழந்தார். விற்பதிலும் இதே உத்திதான். இடமாற்றம் ஆகிவிட்டதால் காரையோ மோட்டார் சைக்கிளையோ அவசரமாக விற்பதாக ‘ராணுவ அதிகாரி’ விளம்பரம் செய்வார். விலை சந்தை நிலவரத்தைவிட மிகக் குறைவாக இருக்கும். இதற்கு மேல் பேரம் பேசுவதற்கு எதுவும் இல்லாத அந்த விலையே தூண்டில்.

இத்தகைய வழக்குகளில் அடிக்கடி அடிபடும் பெயர் தில்லிக்குத் தெற்கே ஹரியாணா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேச எல்லைகள் கூடும் மேவாத் வட்டாரம். 2023 ஏப்ரல் இறுதியில் ஹரியாணா காவல் துறை சுமார் 5,000 காவலர்களைக் கொண்டு நூ மாவட்டத்தின் 14 கிராமங்களில் ஒரே இரவில் சோதனை நடத்தியது. 125 பேர் பிடிபட்டனர். அந்த மாவட்டத்தின் மற்றொரு முகத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2018 மார்ச்சில் நீதி ஆயோக் வெளியிட்ட பின்தங்கிய மாவட்டங்களின் தரவரிசையில் 101 மாவட்டங்களுள் கடைசி இடத்தில் இருந்தது அதுதான். கைப்பேசியும் சிம் அட்டையும் தாராளமாகப் போய்ச் சேர்ந்த ஊருக்குப் பள்ளியும் வேலையும் அதே வேகத்தில் போய்ச் சேரவில்லை.

தனிநபர்களுக்கு இடையே பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்துமாறு யுபிஐயை நிர்வகிக்கும் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் உத்தரவிட்டது. மோசடிக்காரர்களின் கருவிகளில் ஒன்று இதனால் பறிபோயிற்று. ஏமாந்தவர்கள் 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகார் செய்தால் பணத்தை இடைவழியில் முடக்க வாய்ப்புண்டு.

நொய்டாவில் இருந்து திருப்பூர்வரை

பழைய சோபாவைவிடப் பெரிய பேரம் வணிகர்களுக்கு இடையே நடப்பது. தில்லியை ஒட்டிய நொய்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியாமார்ட், 1996-இல் தொடங்கப்பட்டு 2019 ஜூலையில் பங்குச்சந்தைக்கு வந்த நிறுவனம். திருப்பூர் பனியன், கோவை மோட்டார் பம்பு, சிவகாசி நாள்காட்டி ஆகியவற்றை வட இந்திய வியாபாரி தேடும்போது முதலில் கண்ணில் படும் தளங்களில் அதுவும் ஒன்று. அங்கே பல பொருள்களுக்கு எதிரே விலை இருந்தாலும் அது பேச்சைத் தொடங்குவதற்கான எண் மட்டுமே. விலை கேட்பதற்கான பொத்தானை அழுத்தினால், அந்த விசாரணை ஒரே நேரத்தில் பல உற்பத்தியாளர்களுக்குப் போகிறது. சில நிமிடங்களில் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கும்.

அதன்பின் நடப்பது சதர் பஜாரில் நடக்கும் அதே பேச்சு. எத்தனை டஜன், ஜிஎஸ்டி சேர்த்தா தனியாகவா, லாரி வாடகை அனுப்புபவர் பொறுப்பா அல்லது சரக்கை எடுப்பவர் கட்டும் ‘டு பே’ முறையா, பணம் முன்னதாகவா அல்லது 30 நாள் கடனா என்று ஒவ்வொன்றும் பேரத்துக்கு உரியது. விலையில் 2 ரூபாயை விட்டுக்கொடுத்துக் கடன் நாள்களைப் பாதியாக்கிக்கொள்ளும் உற்பத்தியாளர் இழப்பது குறைவு. இதை அறிந்தவர்களுக்கு இந்தச் சந்தை பயன்படுகிறது. பல ஊர்ப் போட்டியாளர்களுக்கும் ஒரே விசாரணை போவதால், நேரில் பார்த்திராத ஒருவரின் மலிவு விலையோடு மல்லுக்கட்ட வேண்டியிருப்பது இதன் மறுபக்கம். ஆயினும் இங்கே இரு தரப்புக்கும் வாயிருக்கிறது. ‘கட்டுப்படியாகாது’ என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடலாம்.

அடிக்கோடிட்டு அழித்த விலை

அந்த வாய் பெரிய சந்தைகளில் இல்லை. அங்கே வாங்குபவர் பார்ப்பது, கோடு போட்டு அழிக்கப்பட்ட ஒரு பெரிய எண்ணையும் அதனருகே உள்ள சிறிய எண்ணையும். முதல் எண் பொதுவாக அதிகபட்ச சில்லறை விலை. அதற்கு மேல் விற்பதே சட்டப்படி குற்றம். கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம். கடைவீதியில் கடைக்காரர் முதலில் சொல்லும் கூடுதல் விலையின் வேலையைத் திரையில் இந்த அழிக்கப்பட்ட விலை செய்கிறது. நமக்காக யாரோ பேசிக் குறைத்துத் தந்ததுபோன்ற நிறைவு வாங்குபவருக்குக் கிடைக்கிறது. ‘இன்னும் 2 மட்டுமே உள்ளன’ என்ற சிவப்பு எழுத்து, கரோல் பாக் கடைக்காரரின் ‘இதுதான் கடைசிப் பீஸ்’ என்ற பேச்சுக்குச் சமம். பொருளைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் வெளியேறினால் மறுநாள் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பும் தளங்களும் உண்டு. இரண்டடி விலகி நடந்த வாடிக்கையாளரைக் கூப்பிடும் அதே குரல்தான் அது.

வேறுபாடு ஒன்று உண்டு. கடைக்காரர் நம் செருப்பையும் கைக்கடிகாரத்தையும் பார்த்து வசதியை ஊகித்தார். நாமும் அவருடைய கடையில் கூட்டம் இருக்கிறதா என்று பார்த்தோம். தளத்துக்கோ நாம் எதைத் தேடினோம், எத்தனை முறை திரும்பி வந்தோம், எந்தக் கைப்பேசியை வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் தெரியும். தளத்தைப்பற்றி நமக்கு எதுவும் தெரியாது.

மத்திய அரசு இதை அறியாமல் இல்லை. ஒரே வகை நுகர்வோரிடையே பாகுபாடு காட்டக்கூடாது, நியாயமற்ற லாபத்துக்காக விலையைத் திரிக்கக்கூடாது என்று 2020 ஜூலையில் வெளியிடப்பட்ட மின்வணிக விதிகள் கூறுகின்றன. போலி அவசரத்தை உண்டாக்குவது உள்ளிட்ட 13 வகை ஏமாற்று உத்திகளை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்டுத் தடை செய்தது. ஒரே பயணத்துக்கு கைப்பேசியின் வகையைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம் காட்டப்படுவதாகப் புகார் எழுந்ததையடுத்து, 2025 ஜனவரியில் ஓலாவுக்கும் உபருக்கும் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. இரு நிறுவனங்களும் புகாரை மறுத்தன.

வாடகை வாகனத் துறையில் பேரம் வேறு வழியாகவும் திரும்பி வந்திருக்கிறது. தில்லியில் ஆட்டோவுக்கு 2023 ஜனவரியில் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 11 ரூபாய் என்று அரசு கட்டணம் நிர்ணயித்தது. மீட்டர் போடச் சொல்லி வாதாடாத பயணி அரிது என்பது வேறு விஷயம். ரஷியாவின் யாக்குட்ஸ்க் நகரில், கடுங்குளிரில் டாக்சிக் கட்டணம் ஏற்றப்பட்டதை எதிர்த்துப் பயணிகளும் ஓட்டுநர்களும் தாங்களே விலை பேசிக்கொண்டதிலிருந்து உருவான ‘இன்டிரைவ்’ செயலி, இந்திய நகரங்களிலும் அந்த முறையைக் கொண்டுவந்தது. பயணி ஒரு தொகையைச் சொல்கிறார். ஓட்டுநர் ஏற்கிறார் அல்லது தன் தொகையைச் சொல்கிறார். வண்டி கிடைப்பதற்கு முன்பே ‘டிப்’ கொடுக்கச் சொல்லும் வசதி இதற்கு நேர்மாறானது. பெயர் அன்பளிப்பு, நடப்பது விலையேற்றம். 2025 மே மாதத்தில் நுகர்வோர் நலத்துறை அமைச்சர் பிரகலாத் ஜோஷி இதைக் கண்டித்ததும், உபருக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டது.

விலை யாருடைய உரிமை?

இவை நுகர்வோரின் பிரச்னைகள். அரசியல் சூடு அதிகம் உள்ள இடம் விற்பனையாளரின் பக்கம். நேரு பிளேஸில் மடிக்கணினி வாங்க வருபவர் கைப்பேசித் திரையைக் கடைக்காரரிடம் காட்டி, ‘இணையத்தில் இவ்வளவுதான்’ என்கிறார். அதற்குமேல் பேச்சுக்கு இடமில்லை. மொத்த விநியோகஸ்தரிடம் தாங்கள் வாங்கும் விலையைவிட இணையச் சில்லறை விலை குறைவாக இருக்கிறது என்பது செல்பேசி, மின்னணுப் பொருள் வியாபாரிகள் ஆண்டுக்கணக்கில் கூறிவரும் புகார்.

அந்நிய முதலீடு பெற்ற இணையச் சந்தை, பொருளின் விற்பனை விலையில் நேரடியாகவோ மறைமுகமாகவோ தலையிடக்கூடாது என்று மத்திய அரசு 2016 மார்ச்சிலேயே அறிவித்தது. 2018 டிசம்பரில் வெளியிட்ட அறிவிப்பில் கட்டுப்பாடுகளை இறுக்கியது. அது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் கண்ணில் சந்தை நடத்துபவர் இடம் மட்டும் தருபவர். விலை சொல்லும் உரிமை விற்பவருடையது. நடைமுறையில் தரகு, அனுப்புக் கட்டணம், திருப்பி அனுப்பப்படும் சரக்கின் செலவு ஆகியவற்றைத் தளமே முடிவு செய்கிறது. தேடலில் எந்தப் பொருள் முதல் பக்கத்தில் வரும் என்பதும் அதன் கையில். பண்டிகைத் தள்ளுபடியில் சேராத சிறு விற்பனையாளரின் பொருளை யாரும் பார்க்காவிட்டால், விலை சொல்லும் உரிமை அவருக்கு எதற்கு?

தில்லி வியாபார் மகாசங் அளித்த புகாரின்பேரில், அமேசான், ஃபிளிப்கார்ட் ஆகியவற்றின் மீது விசாரணை நடத்த இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. சில விற்பனையாளர்களுக்குச் சலுகை, ஆழ்ந்த தள்ளுபடி, குறிப்பிட்ட செல்பேசிகளைத் தங்கள் தளத்தில் மட்டும் வெளியிடுதல் ஆகியவை குற்றச்சாட்டுகள். நிறுவனங்கள் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் விசாரணைக்குத் தடை விதிக்க மறுத்தது. 2024-இல் விசாரணைப் பிரிவின் அறிக்கை விதிமீறல்கள் நடந்ததாகக் கண்டறிந்தது என்று செய்திகள் வெளியாயின. உடனே செல்பேசி நிறுவனங்களும் விற்பனையாளர்களும் பல உயர் நீதிமன்றங்களில் வழக்குத் தொடர, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றைக் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. புகார் கொடுத்த கடைகளில் எத்தனை அதுவரை தாக்குப்பிடித்தனவோ!

அரசே வாங்கும் சந்தை

இதே வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இயங்குவது 2016 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘ஜெம்’ எனப்படும் அரசு மின்சந்தை. மத்திய அரசுக்கான கொள்முதல் விலைகளை நெடுங்காலம் நிர்ணயித்துவந்த வழங்கல் மற்றும் விற்பனைத் தலைமை இயக்ககம் 2017-இல் மூடப்பட்டு, அதன் இடத்தை இது பிடித்தது. 2024-25 நிதியாண்டில் இதன் வழியான கொள்முதல் 5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது.

அரசு அலுவலகங்களில் பேரம் என்றாலே ஊழல் நினைவுக்கு வரும். ஒப்பந்தப்புள்ளி திறந்தபின் குறைந்த விலை சொன்னவருடனும் விலை பேசக்கூடாது, விதிவிலக்கான சூழலில் மட்டுமே பேசலாம் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2007 மார்ச்சில் உத்தரவிட்டதும் அதனால்தான். மூடிய அறைப் பேரத்துக்கு மாற்றாக ஜெம் கொண்டுவந்த முறைகளில் ஒன்று தலைகீழ் ஏலம். தகுதி பெற்ற விற்பனையாளர்கள் திரையில் தெரியும் குறைந்த விலையைப் பார்த்து அதற்கும் கீழே இறங்க வேண்டும். எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாது. முடியும் தறுவாயில் யாராவது குறைத்தால் நேரம் தானாக நீளும். வாங்கும் அதிகாரி ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை.

மக்கள் வரிப்பணம் மிச்சமாகிறது, அதிகாரியின் தயவு தேவையில்லை என்பவை இதன் நன்மைகள். அவற்றைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால் கடைவீதிப் பேரத்தில் விற்பவர், தன் நாற்காலி ஏன் பத்து ஆண்டு உழைக்கும் என்பதை எடுத்துச் சொல்லி விலையைக் காப்பாற்றிக்கொள்வார். தலைகீழ் ஏலத்தின் திரையில் அதைச் சொல்ல இடம் இல்லை. தரம் முன்னதாகவே ஒரு விவரப் பட்டியலாகச் சுருக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது விலை மட்டுமே. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. அவற்றின் விலை மிகக் குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கிவரச் சம்மதித்து ஒரு பங்கைப் பெறலாம். மொத்தக் கொள்முதலில் 25 சதவீதம் அவற்றிடமிருந்து என்பது 2018 முதல் இலக்கு. சலுகையும் இறங்கிவருவதற்கான சலுகைதான்.

கட்டுப்பாட்டைத் தனியாரிடமிருந்து பிரிக்கும் மற்றொரு முயற்சியாக, ஓஎன்டிசி என்ற திறந்த வலையமைப்பு 2022 ஏப்ரலில் 5 நகரங்களில் சோதிக்கப்பட்டது. தில்லியும் கோவையும் அவற்றில் அடங்கும். அங்கே எந்தச் செயலியிலிருந்தும் எந்தக் கடையின் பொருளையும் வாங்கலாம் என்பது திட்டம். இணைய வணிகத்துக்கான தேசியக் கொள்கையின் வரைவு 2019 பிப்ரவரியிலேயே வெளியிடப்பட்டிருந்தது.

ஜெம்மில் வென்ற சிறு உற்பத்தியாளருக்கு இன்னொரு கணக்கும் காத்திருக்கிறது. விலையைக் கடைசிக் காசுவரை குறைத்தவருக்கு, பணம் தாமதமாவது நேரடி நஷ்டம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை 45 நாள்களுக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. தாமதமானால் முறையிட 2017 அக்டோபரில் ‘சமாதான்’ என்ற இணையதளம் திறக்கப்பட்டது. அதில் புகாருக்கு உள்ளானவர்களின் வரிசையில் மாநில அரசுத் துறைகளும், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும், மத்திய அமைச்சகங்களும் இடம்பெற்றிருக்கின்றன. அடுத்த ஆணையும் அதே அலுவலகத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதால், வட்டியை எழுதிக் கேட்பவர்கள் மிகச் சிலரே.